கேட்போர் எங்கே? இளமை வாசிப்பு நினைவுகளும் தமிழ் நாவல் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இளமையில் படித்த நாவல்களைப் பற்றி வாசகர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, தமிழாய்வில் பெரும்பாலும் பழங்கதையாகவே ஒதுக்கப்படுகிறது. அப்பேச்சு தமிழ் நாவல் வரலாற்றுக்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று என்பதும், உரிய முறையில் தொகுத்துச் சரிபார்த்தால் நூல்களிலிருந்து மட்டும் பெறவியலாத செய்திகளை அது தரும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. நினைவுச் சான்றின் குறைகளும், அதனைத் தொகுக்கத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகளும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாசிப்பு வரலாறு, தமிழ் நாவல், தொடர்கதை, கேட்போர், நினைவுச் சான்று, சிறுவர் இலக்கியம்

1. முன்னுரை

வாசிப்புப் பழக்கமுடைய இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இளமையில் படித்த கதைகளில் வந்து நிற்பது இயல்பு. ஒருவர் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வந்த வந்தியத்தேவனைச் சொல்வார். மற்றொருவர் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் அவர் விடாது பருகிய தேநீரையும் நினைவுகூர்வார். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கைமட்டும் தெரிந்த இரும்புக்கை மாயாவியைச் சொல்பவரும் இருப்பார். அம்புலிமாமாவில் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறிய கதைகளோடு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதாகச் சொல்பவர் பலர். இப்பேச்சில் வாதமும் உண்டு. அவரவர் பட்டியலுக்கான பிடிவாதமும் உண்டு. மணிக்கணக்கில் நீளும் இத்தகைய உரையாடலில் தமிழ்ப் பேராசிரியர்களும் பங்குகொள்கிறார்கள். ஆனால் அவர்களே ஆய்வுக்கட்டுரை எழுத அமரும்போது அப்பேச்சின் சுவடு எதுவும் தாளில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த விலக்கம் ஆய்வொழுக்கம் என்று கருதப்படுகிறது. தனிமனித விருப்பம் ஆய்வுக்கு ஆகாது என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அப்பாடம் சரியானதே. ஆயினும் ஆய்வாளரின் விருப்பம் வேறு, ஆய்வுப்பொருளாகும் வாசகரின் விருப்பம் வேறு. முன்னதை விலக்கவேண்டும் என்பதற்காகப் பின்னதையும் சேர்த்து விலக்கியதால், எழுதியவர்களைப் பற்றி விரிவாகவும் படித்தவர்களைப் பற்றி மிகக் குறைவாகவும் பேசும் நாவல் வரலாறு நமக்கு வாய்த்திருக்கிறது. இவ்விழப்பு இன்னும் சில ஆண்டுகளில் ஈடுசெய்ய இயலாததாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் கவலை.

2. எழுதியோர் வரலாறு

தமிழ் நாவலின் வரலாற்றை நாம் எவ்வாறு சொல்லிவருகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் தொடங்கி, ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘பத்மாவதி சரித்திரம்’ என நகர்ந்து, துப்பறியும் நாவல்களைச் சில வரிகளில் கடந்து, கல்கியை வரலாற்று நாவலின் தலைப்பில் வைத்து, பின்னர் எதார்த்த நாவல், வட்டார நாவல், தலித் நாவல், பெண்ணிய நாவல் என்று வகைப்படுத்துகிறோம். க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) சமூகவியல் நோக்கையும், சிட்டி, சிவபாதசுந்தரம் இருவரின் ‘தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்’ (1977) விரிந்த தகவற்பரப்பையும் இத்துறைக்குத் தந்தன. இவற்றின் பெறுமதியை மறுப்பார் இலர். எனினும் இவ்வழியில் வந்த பெரும்பாலான ஆய்வுகளில் நாவலைப் படித்தவர் யார், எங்கிருந்து பெற்றார், எப்படிப் படித்தார் என்ற வினாக்கள் எழவில்லை.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) இப்போக்கிலிருந்து விலகிய முயற்சி. உரக்கப் படிக்கும் மரபிலிருந்து மௌன வாசிப்புக்குத் தமிழ்ச் சமூகம் மாறியதையும், நாவல் படிப்பதைப் பற்றி எழுந்த ஒழுக்கக் கவலைகளையும் அது ஆராய்ந்தது. அவ்வாய்வின் மையக் காலம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி. அக்காலத்து வாசகர் மறைந்துவிட்டமையால் அச்சில் எஞ்சிய சான்றுகளையே நம்பவேண்டியிருந்தது. அடுத்த அரைநூற்றாண்டின் நிலை வேறு. அதன் சான்றுகள் இன்னும் மனிதரிடத்தில் உயிரோடிருக்கின்றன. 1950இல் பன்னிரண்டு வயதில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தைப் படித்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர். அவரிடம் எவரேனும் சென்று கேட்டிருக்கிறோமா?

3. பாயிர மரபில் கேட்போர்

வாசகரை ஆய்வுப்பொருளாக்குவது மேலைநாட்டுக் கோட்பாடுகளின் வழியே வந்த புதுவரவு என்று சிலர் கருதக்கூடும். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இல் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் முன்வைத்த ஏற்புக்கொள்கையும், இலக்கிய வரலாறு வாசகரின் ‘எதிர்பார்ப்பு எல்லை’யைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்ற அவரது வாதமும் நம் ஆய்வேடுகளில் மேற்கோள்களாக வந்துபோவது உண்மை. ஆனால் நம் மரபு இவ்வினாவை முன்பே எழுப்பியிருக்கிறது.

நன்னூலின் பொதுப்பாயிரம் சிறப்புப்பாயிரத்துக்குரிய செய்திகளாக எட்டினைத் தொகுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் ஆகியவற்றோடு கேட்போர், பயன் என்னும் இரண்டும் அவற்றுள் அடங்கும். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துச் சொல்வாரும் உளர் என்று அந்நூல் குறிப்பிடுகிறது. இலக்கண நூலுக்கு வகுக்கப்பட்ட இம்முறையில் கேட்போர் என்பது அந்நூலைக் கேட்டற்குரியவரையும், களன் என்பது அரங்கேறிய அவையையும் குறிக்கும். இவற்றை இன்றைய நாவல் வாசகருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் ஒரு நூலின் அறிமுகம் கேட்போரைச் சொல்லாமல் நிறைவடையாது என்ற அடிப்படை கவனத்துக்குரியது. இக்கால நூல்களுக்கு நாம் எழுதும் வரலாற்றில் முதல் ஆறும் இருக்கின்றன, கேட்போர் இல்லை. காலத்தைப் பதிப்பாண்டாகச் சுருக்கிவிட்டோம். களனைப் பதிப்பகத்தின் பெயராக்கிவிட்டோம். நாவல் வாசகரிடம் கேட்கவேண்டியவை இந்த நான்குதாம்: படித்தவர் யார், எப்போது, எவ்விடத்தில், எக்காரணம் பற்றி.

4. கும்பகோணத்தில் ஓர் உரையாடல்

படித்த நூல்களைப் பற்றிய பேச்சு வெறும் பொழுதுபோக்கே என்பார்க்கு விடையளிக்கத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியே போதும். 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் முதன்முறையாகச் சந்தித்தார். முதலியார் கேட்டது, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்பது. இருபத்தைந்து வயதினரான ஐயர், தாம் இளமையிலிருந்து பாடங்கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கும் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியைச் சொன்னார். பின்னர் நிகழ்ந்தது நாமறிந்ததே. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

அந்த உரையாடலின் இயல்பைக் கவனிக்கவேண்டும். அது பேரவை விவாதமன்று. இருவர் தாம் படித்தவற்றைப் பற்றிப் பேசிக்கொண்ட பேச்சு. ஒருவரின் வாசிப்புப் பட்டியலும் மற்றவரின் வாசிப்புப் பட்டியலும் எதிரெதிரே வைக்கப்பட்டபோது, இடையிலிருந்த வெற்றிடம் இருவர்க்கும் தெரிந்தது. ஒரு காலத்துக் கல்வி எதைக் கற்பித்தது, எதைக் கைவிட்டது என்பதை அப்பட்டியல்கள் காட்டின.

இந்நிகழ்ச்சியை நாம் எதன்வழி அறிகிறோம்? 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திரம்’ வழியாக. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் நினைவிலிருந்து சொன்ன செய்தி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியையும், திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடஞ்சொன்ன முறையையும், ஏட்டுச்சுவடிகள் கைமாறிய வழிகளையும் எழுதும்போது ‘என் சரித்திர’த்தைச் சான்றாகக் கொள்ள எந்த ஆய்வாளரும் தயங்குவதில்லை. அதாவது இளமை வாசிப்பின் நினைவு சான்றாகும் என்பதைத் தமிழாய்வு கொள்கையளவில் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. பேரறிஞரின் நினைவு சான்று, ஓய்வுபெற்ற தபால்காரரின் நினைவு அரட்டை என்று பிரிப்பதற்கு ஆய்வியல் அடிப்படை எதுவும் இல்லை. புலமை வரலாற்றுக்குப் பேரறிஞரே தக்க சாட்சி. நாவல் என்னும் பொதுமக்கள் இலக்கியத்தின் வரலாற்றுக்கோ தபால்காரர்தாம் தக்க சாட்சி.

5. நூல் சொல்லாததை நினைவு சொல்வது

வாசகர் நினைவுகள் தரக்கூடிய செய்திகளை ஐந்து வகையாகக் காட்டலாம்.

முதலாவது, நாவலின் வடிவம் பற்றியது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாராவாரம் வெளிவந்தது. மூன்றரை ஆண்டுக்காலம் காத்திருந்து படித்தவரும், ஐந்து பாகங்களை விடுமுறையில் ஒரு வாரத்தில் முடித்தவரும் படித்த கதை ஒன்றே; அடைந்த அனுபவம் ஒன்றன்று. அத்தியாய முடிவில் கல்கி நிறுத்திவைக்கும் திருப்பம் முன்னவர்க்கு ஏழு நாள் வேதனை. பின்னவர்க்குப் பக்கத்தைப் புரட்டும் நேரம். இதழிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த ‘பைண்டு’ புத்தகத்தில் படித்தவர்கள் மூன்றாம் வகையினர். அவர்கள் மணியத்தின் ஓவியங்களோடும், பின்பக்கத்தில் தப்பி வந்த விளம்பரங்களோடும், பாதியில் அறுந்த வேறொரு சிறுகதையோடும் சேர்த்தே அந்நாவலைப் படித்தார்கள். குந்தவையின் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் விடை கல்கியின் வருணனையிலிருந்து வருவதன்று, மணியத்தின் கோட்டிலிருந்து வருவது. பாத்திரப்படைப்பை ஆராயும் நாம் ஓவியரை ஆராய்ச்சிக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது, வாசிப்பு முறை. மௌன வாசிப்பு வந்தபின் உரத்த வாசிப்பு மறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எழுத்தறிந்த ஒருவர் படிக்க, அறியாத பலர் கேட்ட நிகழ்ச்சி இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலும் வீடுகளிலும் திண்ணைகளிலும் தொடர்ந்தது. பள்ளி சென்ற சிறுவனோ சிறுமியோ பாட்டிக்குத் தொடர்கதை படித்துக்காட்டிய செய்தியை முதியோர் பலர் சொல்வார்கள். அங்கே கேட்போர் என்ற சொல் உவமையன்று, நேர்ப்பொருளிலேயே வழங்கும். படித்துக்காட்டிய குழந்தை விலக்கிய பகுதிகள் எவை, பாட்டி திரும்பப் படிக்கச் சொன்னவை எவை என்பன எந்த நூலகத்திலும் கிடைக்காத செய்திகள்.

மூன்றாவது, வாசிப்பின் படிவரிசை. அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. வாண்டுமாமாவின் கதைகளும் தமிழ்வாணனின் துப்பறியும் நாவல்களும் பல தலைமுறைச் சிறுவர்க்கு இடைப்படிகளாயின. அங்கிருந்து சிலர் சாண்டில்யனிடம் சென்றனர்; சிலர் ஜெயகாந்தனிடமும் புதுமைப்பித்தனிடமும் சென்றனர்; சிலர் எங்கும் செல்லாமல் நின்றனர். எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு, யார் கைகாட்ட, ஒருவர் ஏறினார் என்பதை அறியாமல் தீவிர இலக்கிய வாசகர் எங்கிருந்து உருவாகிறார் என்ற வினாவுக்கு விடை காண முடியாது. நாவல் வரலாற்றில் சிறுவர் இலக்கியத்துக்குத் தனி இயலும் இல்லை, வாயிலும் இல்லை. வாயில் இல்லாத வீட்டுக்குள் வாசகர் எப்படி வந்தார் என்று வியப்பதில் பொருளில்லை.

நான்காவது, மொழிபெயர்ப்பின் இடம். 1940களிலும் 1950களிலும் இளைஞராக இருந்தோர் தமக்குப் பிடித்த நாவல்களைச் சொல்லும்போது மராத்திய நாவலாசிரியர் காண்டேகரின் பெயர் தவறாமல் வரும். கா. ஸ்ரீ. ஸ்ரீ. யின் மொழிபெயர்ப்பில் அவரைப் படித்தவர்கள் ஏறக்குறைய தமிழ் எழுத்தாளராகவே அவரைக் கருதினர். வங்க நாவல்கள் த. நா. குமாரசாமி, த. நா. சேனாபதி முதலியோர் வழியாக வந்தன. பின்வந்த தலைமுறையின் பட்டியலில் ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’ இருக்கும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகள் குறைந்த விலைக்கு விற்ற சிறுவர் நூல்களும் ஐத்மாத்தவின் குறுநாவல்களும் இருக்கும். தமிழ் நாவல் வரலாறு தமிழில் எழுதப்பட்ட நாவல்களின் வரலாறு என்று வரையறுத்துக்கொண்டால் இவை வெளியே நிற்கும். தமிழில் படிக்கப்பட்ட நாவல்களின் வரலாறு என்று கொண்டால் இவை நடுவே வந்து அமரும். இரண்டாவது வரையறைக்கு வாசகரே ஆதாரம்.

ஐந்தாவது, பெண்களின் வாசிப்பு. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ஏற்று நடத்திய ‘ஜகன்மோகினி’யும் அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களும், பின்னர் லக்ஷ்மியின் நாவல்களும் பெருந்திரளான பெண்களைச் சென்றடைந்தன. அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வில், காதற்புனைவுகளைப் படிக்கும் பெண்களை நேரில் கண்டு கேட்டபோது ஒன்று தெரியவந்தது: குடும்பப் பணிகளுக்கிடையே தமக்கென்று ஒரு பொழுதை ஒதுக்கிக்கொள்ளும் செயலாகவே அவர்கள் வாசிப்பைக் கண்டனர். கதைப்பொருளை மட்டும் ஆராய்ந்தால் இது கிட்டியிராது. நம் பெண்கள் எப்போது படித்தனர், யாருக்குத் தெரியாமல் படித்தனர், யார் தடுத்தனர், புத்தகத்தை எங்கே ஒளித்துவைத்தனர் என்று கேட்டால், குடும்ப நாவல் என்று நாம் சற்று இளக்காரமாகக் கடந்துபோகும் எழுத்தின் சமூகப் பணி விளங்கக்கூடும்.

6. எரிந்த நூலகமும் எஞ்சிய நினைவும்

நினைவே ஒரே சான்றாக எஞ்சும் சூழல்களும் உண்டு. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அரிய சுவடிகளின் இழப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே நூலகத்திலிருந்து வீட்டுக்கு நாவல்களை எடுத்துச் சென்ற பள்ளி மாணவரின் வாசிப்புலகமும் அத்துடன் அழிந்தது. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அங்கு படித்த தலைமுறை இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஐரோப்பிய, கனடிய நகரங்களிலும் சிதறியிருக்கிறது. எந்த அலுமாரியில் எந்தப் புத்தகம் இருந்தது என்று அவர்களிற் பலர் இன்றும் சொல்வார்கள்.

1970களில் வீரகேசரி வெளியிட்ட மலிவுப்பதிப்பு நாவல்கள் ஈழத்து வாசகர்க்குத் தம் மண்ணின் கதையைத் தந்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ போன்றவற்றை இளமையில் படித்தவர், கல்கியையும் மு. வரதராசனையும் அவற்றோடு ஒருங்கே படித்தவர். தமிழக எழுத்தும் ஈழத்து எழுத்தும் ஒரே வாசகரிடத்தில் எவ்வாறு இணைந்தன, எங்கே முரண்பட்டன என்பதை இருநாட்டு இலக்கிய வரலாறுகளையும் தனித்தனியே படிப்பவர் அறியவியலாது. நூலகம் நிறுவனம் போன்ற மின்னாவண முயற்சிகள் அழிந்த அச்சுநூல்களை மீட்டுவருகின்றன. நூல்கள் மீண்டுவரும், அவற்றைப் படித்தவர்கள் மீண்டுவரமாட்டார்கள்.

7. நினைவுச் சான்றின் குறைகள்

இச்சான்றின் குறைகளை மறைத்துப் பேசுவது ஆய்வறமன்று. நினைவு அடுக்கிவைத்த ஏடு அன்று. ஒவ்வொருமுறை சொல்லும்போதும் திருத்தி எழுதப்படுவது. இன்றைய மதிப்பு அன்றைய விருப்பத்தின்மீது படியும். பதினான்கு வயதில் மர்ம நாவல்களை விழுங்கியவர், எழுபது வயதில் கேட்கும்போது கௌரவம் கருதிப் புதுமைப்பித்தனைச் சொல்லக்கூடும். திரைப்படம் நூலின்மேல் படியும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் ‘பொன்னியின் செல்வன்’ திரைக்கு வந்தபின் அந்நாவலைப் பற்றிய நினைவுகளில் எவை நூலுக்குரியவை, எவை படத்துக்குரியவை என்று பிரிப்பது முன்னிலும் கடினம்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. இளமையில் படித்த நாவல்களைப் பற்றிப் பேசுவோர், இளமையில் நாவல் படிக்க வாய்த்தோர். வார இதழ் வாங்கும் வருவாயும், பெண்பிள்ளை படிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பமும், தடையின்றி நுழையக்கூடிய நூலகமும் எல்லாச் சாதியினர்க்கும் எல்லா ஊரினர்க்கும் அமையவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நூலக வரியையும் கிளைநூலகங்களையும் கொண்டுவந்து அவ்வாயிலை ஓரளவு அகலத் திறந்தது. அது யாருக்குத் திறந்தது, யாருக்கு எப்போது திறந்தது என்பதும் கேட்டறியவேண்டியதே. ஆகவே ‘எதைப் படித்தீர்கள்’ என்பதோடு, ‘எதைப் படிக்கமுடியவில்லை, ஏன்’ என்பதும் வினாநிரலில் இடம்பெறவேண்டும். கிட்டாத புத்தகத்தின் நினைவும் வாசிப்பு வரலாற்றின் பகுதியே.

இக்குறைகள் நினைவுச் சான்றைத் தள்ளுவதற்குரிய காரணங்களாகா. அதனைப் பிற சான்றுகளோடு ஒத்துப்பார்ப்பதற்குரிய காரணங்கள். கல்வெட்டில் மெய்க்கீர்த்தி மிகைபடப் பேசும் என்பதற்காக எவரும் கல்வெட்டை விட்டுவிடுவதில்லை.

8. தரமும் வரலாறும்

மற்றொரு தடை வலுவானது. வாசகரின் விருப்பத்துக்கு ஆய்வில் இடமளித்தால், மிகுதியாகப் படிக்கப்பட்டதே சிறந்தது என்ற முடிவுக்கு வழிதிறக்கும் என்பது அது. இவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு. க. நா. சுப்ரமண்யமும், 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும், வார இதழ்களின் ரசனையை எதிர்த்து நின்றே தமிழில் நவீனத் திறனாய்வை வளர்த்தனர். அந்த எதிர்ப்பு இல்லையேல் பல நல்ல நாவல்கள் இன்று நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்றிரா. அவர்கள் கட்டிய வரம்பை இடிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால் எது சிறந்த நாவல் என்பதும், எந்த நாவல் ஒரு சமூகத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது என்பதும் இருவேறு வினாக்கள். முதல்வினாவுக்குத் திறனாய்வாளர் விடைசொல்வார். இரண்டாம் வினாவுக்கு வாசகர் வரலாறே விடைசொல்லும். முதல்வினாவின் விடையைக் கொண்டு இரண்டாம் வினாவை மூடிவிட்டதே நம் துறையின் பிழை.

மேலும், வாசகர் பேச்சில் திறனாய்வே இல்லை என்பதும் சரியன்று. ‘பதினைந்து வயதில் இரவெல்லாம் விழித்துப் படித்தேன், சென்ற ஆண்டு மீண்டும் எடுத்தேன், ஐம்பது பக்கம் தாண்டமுடியவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, ஒரே நூலின்மேல் ஒரே மனிதர் இரு பருவங்களில் வழங்கிய இரண்டு தீர்ப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. நூல் மாறவில்லை, மாறியது வாசகர். மாறிய பகுதி எது என்று தொடர்ந்து கேட்டால் நடையின் மிகையா, பெண்பாத்திரங்களின் அமைப்பா, கதையில் ஒளிந்திருந்த சாதியப் பார்வையா என்பது வெளிப்படும். எதிர்மாறாக, அன்று சலித்த நூல் இன்று பிடிப்பதும் உண்டு. மறுவாசிப்பு என்னும் கோட்பாட்டுச் சொல்லை வகுப்பறையில் விளக்குவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

9. தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1450 முதல் 1945 வரையிலான வாசிப்பு அனுபவங்களின் தரவுத்தளத்தை உருவாக்கியுள்ளது. நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு முதலியவற்றில் எவரேனும் எதையேனும் படித்ததாகக் கூறும் குறிப்புகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழில் இத்தகைய பணிக்குப் பெருநிதி வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ ஊரிலோ உள்ள முதியவர் ஒருவரின் வாசிப்பு நினைவை, அவர் இசைவு பெற்று, அவர் பேச்சுவழக்கிலேயே பதிவுசெய்து எழுத்தாக்கம் செய்வதை ஒரு தாளின் அகமதிப்பீட்டுப் பணியாக்கலாம். ‘பிடித்த நாவல் எது’ என்று தொடங்காமல், முதலில் கைக்குக் கிடைத்த புத்தகம் எது, யார் தந்தார், இரவலா, வாடகை நூல்நிலையமா, கிளைநூலகமா, எந்த நேரத்தில் எந்த வெளிச்சத்தில் படித்தீர், யாருக்குப் படித்துக்காட்டினீர், யார் திட்டினார் என்று பொருள்சார்ந்த வினாக்களைக் கேட்கப் பயிற்றவேண்டும். பொருள்களின் நினைவு கருத்துகளின் நினைவைக் காட்டிலும் திரிபு குறைந்தது. இருவரையோ மூவரையோ ஒருங்கே அமர்த்திப் பேசவைப்பதும் பயன்தரும். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார். ஒருவர் மிகைப்படுத்தினால் மற்றவர் மறுப்பார். வாசகர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சே ஒருவகைச் சரிபார்ப்பு.

அவ்வாறு பெற்றவற்றை வார இதழ்களின் வாசகர் கடிதப் பகுதி, கிளைநூலகங்களின் நூற்பதிவேடு, பழைய புத்தகங்களில் உள்ள கையொப்பங்களும் முத்திரைகளும் ஆகியவற்றோடு ஒப்பிடவேண்டும். பழைய பதிவேடுகள் கழிவுத்தாளாகப் போகுமுன் மாவட்ட நூலகங்களோடு துறைகள் பேசவேண்டும். நன்கொடையாக வரும் ‘பைண்டு’ தொகுப்புகளைப் பதிப்பாண்டு இல்லாதவை என்று ஒதுக்காமல், விளம்பரப் பக்கங்களையும் கிழிசல்களையும் சேர்த்தே ஆவணப்படுத்தவேண்டும்.

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, இலக்கியமென்று எவரும் மதியாத நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் மலிவுநாவல்களையும் துண்டறிக்கைகளையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப்பின் அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகத்தை நாடாத நவீன தமிழாய்வாளர் இன்று அரியர். மதிப்பறிந்து சேர்த்தவர் முன்னே சென்றார்; ஆய்வுலகம் பின்னே சென்றது. நினைவுகளைப் பொறுத்தவரை அவ்வாறு பின்னே செல்ல இயலாது. காகிதம் அலமாரியில் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார்.

10. முடிவுரை

வாசகரின் நினைவு நாவல் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. நம் பாயிர மரபு கேட்போருக்கு இடமளித்திருக்கிறது. ‘என் சரித்திர’த்தைச் சான்றாகக் கொள்ளும் நாம் பொதுவாசகரின் நினைவை மட்டும் தள்ளுவது முரண். அச்சான்றுக்குக் குறைகள் உண்டு; அவை முறையியலால் களையத்தக்கவை. வாசகர் வரலாறு தர மதிப்பீட்டுக்கு மாற்றன்று. அதற்கு அருகே வைக்கவேண்டிய மற்றொரு வரலாறு.

தொடர்கதையின் பொற்காலத்தை நேரில் கண்ட வாசகர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடும் நல்ல வினாநிரலோடும் சென்று அமரும் மாணவரே அடுத்த தலைமுறை நாவல் வரலாற்றை எழுதும் தகுதி பெறுவார். அதற்கான தாளை வரும் கல்வியாண்டிலேயே பாடத்திட்டத்தில் சேர்க்கும்படி பாடத்திட்டக் குழுக்களை இக்கட்டுரை வேண்டுகிறது. இன்னும் பத்தாண்டு கழித்து அத்தாளைச் சேர்த்தால் வினாநிரல் இருக்கும், விடைசொல்வார் இரார்.